சுதந்திர தினத்தன்று நான் வைத்த கைநாட்டு

டிராக்டர் டிப்பரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சுற்றிலும் எங்கள் யூனிட்டில் செய்த பீங்கான் பொம்மைகளை அடுக்கி, நடுவில் டீச்சரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் எங்கே உட்கார்ந்தார்? ஒரு கையில் கொடி, இன்னொரு கையில் செல்போன் என்று ஜங்ஷன் ரோடு முழுக்க நின்றுகொண்டேதான் வந்தார். டீக்கடைக்குக் கையாட்டினார், பஸ்ஸுக்குக் கையாட்டினார், குறுக்கே வந்த மாட்டுக்கும் கையாட்டினார். டிப்பர் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பொம்மைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. இங்கிலீஷ் வகுப்பு நடக்கிற மகளிர் மையத்துப் பெண்களோடு பின்னால் நடந்துவந்த எனக்கு டீச்சர் விழுந்துவிடுவாரோ என்று ஒரு கவலை. பொம்மை உடைந்தால் பினிஷிங் செய்த எங்கள் தலையில் கட்டிவிடுவார்களோ என்று இன்னொரு கவலை. இதெல்லாம் நான் எப்போதும் படுகிற கவலைகள். ஊர்வலம் முடிந்ததும் மேடையில் என்னைச் செய்யச் சொல்லியிருந்த காரியம்தான் அன்றைக்குப் புதிதாக வந்த கவலை.

டீச்சர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லித்தர ஆறு மாதத்துக்கு விருத்தாசலம் வந்தவர். மையத்துச் செயலாளர் அவரை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். டீச்சருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் "நல்லா, நல்லா" என்பார். தூசி படிந்த எங்கள் யூனிட்டுக்கு வந்தபோதும் "நல்லா" என்றார். அவர் நாட்டில் தேசிய நாள் என்றால் பட்டாளத்துக்காரர்கள் நடப்பார்களாம், ஜனங்கள் கயிற்றுக்கு அந்தப்புறம் நின்று பார்ப்பார்களாம். இங்கே ஜனங்களே நடக்கிறார்களே என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். வாட்டுகிற வெயிலில் யாருக்காக நடக்கிறீர்கள் என்று நடக்கிறவர்களைத்தான் அவர் கேட்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். அப்பா படுத்த படுக்கையானதும் அம்மா என்னையும் யூனிட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பினிஷிங்தான். மோல்டிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கிற தூள் மூக்குக்குள் போகும். அந்த வருஷம் எனக்கு இருமல் நிற்காமல் இருந்தது. இருமலை நினைத்து எனக்குத் தூக்கம் போயிருந்தது. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மேல் ஊர் பெயரும் விலாசமும் எழுதுகிற அக்கா, தன் மகள் வீட்டோடு போய்விடப்போகிறார் என்று பேச்சு வந்தபோது, அந்த இடம் எனக்குக் கிடைத்தால் தூசியிலிருந்து தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். தமிழ் எழுத்து எனக்கு முத்து முத்தாக வரும். விலாசம் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பதால்தான் டீச்சரிடம் சேர்ந்தேன். இரண்டு நோட்டு முடித்துவிட்டேன். இரண்டையும் திருத்தியவர் டீச்சர்தான்.

எங்கள் வகுப்பில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் இருந்தார். சுதந்திர தின மேடையில் அவரை முதலில் கைநாட்டு வைக்கச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடச் சொல்லி, டீச்சர் வந்ததால் நடந்த அதிசயம் என்று காட்டுவது செயலாளரின் ஏற்பாடு. அந்த அம்மா விவரமானவர். முதல் நாளே ஸ்ரீமுஷ்ணத்தில் காதுகுத்து என்று கிளம்பிப் போய்விட்டார். காலையில் ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில் செயலாளர் எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வாம்மா. உனக்குத்தான் முகத்துல ஒரு அப்பாவிக் களை இருக்குது."

"எனக்கு எழுதத் தெரியுங்க சார்."

"தெரியட்டுமே. அஞ்சு நிமிஷம் தெரியாத மாதிரி நில்லு. அவங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, அவங்க மனசு நோகலாமா?"

என் மனசைப் பற்றி அவருக்குக் கேள்வி இல்லை. டிராக்டரில் ஏறப்போன டீச்சரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நான் படிப்பேன், எழுதுவேன், நீங்கள் சாரிடம் சொல்லுங்கள் என்றேன். எங்கள் முதலாளி முன்வரிசையில் உட்காரப்போகிறார், அவர் பார்த்தால் எனக்கு வரவேண்டிய பேக்கிங் வேலை போகும் என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டேன். டீச்சர் என் கன்னத்தைத் தடவினார்.

"தெரியும். சும்மா நாடகம். அஞ்சு நிமிஷம். எல்லாரும் ஹாப்பி."

தெரியாமல் செய்திருந்தால் இன்றைக்கு எனக்கு இந்தக் கசப்பு இருந்திருக்காது. தெரியும் என்று தமிழிலேயே சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆறு மாதத்தில் அவர் சுத்தமாக உச்சரித்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, வந்தவர்களெல்லாம் பேசி முடித்தபின் என்னைக் கூப்பிட்டார்கள். போர்டில் பெரிய வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. நேற்று வரை கைநாட்டு, இன்று கையெழுத்து என்று செயலாளர் மைக்கில் முழங்கினார். மை டப்பாவில் கட்டைவிரலை அமுக்கித் தாளில் வைத்தேன். நீலமாக ஒரு வட்டம்தான் விழுந்தது. ஒரு கோடு இல்லை. இத்தனை வருஷம் உப்புத்தாளோடு சேர்ந்து என் ரேகையும் தேய்ந்துபோயிருந்தது. ரேஷன் கடை மெஷின் என் விரலை ஏற்காமல் பல மாதம் திருப்பி அனுப்பியிருக்கிறது. செயலாளர் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். இன்னொரு வட்டம். கைநாட்டு வைக்கக்கூட லாயக்கில்லாதவளைத்தான் கைநாட்டாக நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. எங்கள் யூனிட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கிறவள் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்டி, ரேஷன் கடை போர்டையே நீதானடி எங்களுக்குப் படிச்சிச் சொல்லுவ? இன்னிக்கி என்னாடி ஆச்சு?"

அந்த நிமிஷத்தில் பேனாவை வாங்கி விறுவிறுவென்று என் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கலாம். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தானே இரண்டு நோட்டு முடித்தேன். ஆனால் செயலாளர் காதோரம் "மெதுவா, மெதுவா" என்றார். வகுப்பை நிறுத்திவிட்டால் என்ன செய்வது, வந்தவர்கள் முன்னால் அசிங்கமாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று மண்டைக்குள் ஆயிரம் கவலை ஓடியது. கையை நடுங்கவிட்டேன். முதல் எழுத்தைக் கோணலாகப் போட்டேன். இரண்டாவது எழுத்தில் நின்று, யோசிப்பதுபோல் டீச்சரைப் பார்த்தேன். அதை யாரும் சொல்லித்தரவில்லை, நானாகச் செய்தது. டீச்சர் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். தானே நாடகம் என்று சொன்னதைத் தானே நம்பி அழுகிறவர்களை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மைதானமே கைதட்டியது. முதலாளியும் தட்டினார்.

மறுநாள் பேக்கிங் இடத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். எனக்கு எழுத வரும் என்றேன். நேற்று நடந்தது அவர்கள் சொல்லிச் செய்தது என்றேன்.

"நேத்துதான் உம் பேர எழுதக் கத்துக்கிட்ட. நானே கண்ணால பார்த்தேனே," என்று சிரித்தார். "அவசரப்படாதம்மா. கொஞ்ச நாள் போவட்டும்."

அவர் முன்னாலேயே ஒரு பெட்டியின் மேல் விலாசம் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கார டீச்சர் ஒரே நாளில் என்னமாய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வியந்தார். அந்த வாரமே வேப்பூரிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போனது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் இன்னமும் பினிஷிங்கில்தான் இருக்கிறேன். மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். இருமல் குறைவதும் கூடுவதுமாக இருக்கிறது.

டீச்சர் அடுத்த மாதமே ஊருக்குப் போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிடும். கோணல் எழுத்துக்குப் பக்கத்தில் நான், என் தோளில் கைபோட்டபடி டீச்சர், கீழே வாழ்த்து. தன் நாட்டில் கூட்டங்களுக்குப் போய் அந்தப் படத்தைத் திரையில் காட்டிப் பேசுகிறாராம். அதையும் படமெடுத்து அனுப்புவார். எத்தனையோ முறை பதில் எழுதி, தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து அழித்திருக்கிறேன். இந்த வருஷம் அழிக்கவில்லை. இங்கிலீஷில் தடுமாற வேண்டாம் என்று தமிழிலேயே எழுதினேன். நான் எட்டாவது படித்தவள், அன்று மேடையில் போட்டது என் கையெழுத்தே இல்லை, அது உங்களுக்கும் தெரியும், அதனால் எனக்கு வரவேண்டிய வேலை போனது, இனி அந்தப் படத்தை எனக்கு அனுப்பவும் வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு வந்திருக்கும். ஒரு எழுத்து பிசகவில்லை என்று மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

சாயந்திரம் பதில் வந்தது. போனே மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழ். "நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியதைப் பார்த்து அழுதேன். எத்தனை முன்னேற்றம். இதை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டலாமா?"

வேண்டாம் என்று எழுதினேன். அந்த ஒரு சொல்தான்.

அதற்கும் கைதட்டுகிற படம் ஒன்று வந்து விழுந்தது.