நாங்கள் பார்க்காத கண்மாய்

பிள்ளைகளா, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "கேரவன்ல எங்கெங்கப்பா போனீங்க?" என்று ரெண்டு பேரும் ஓடி வந்தீர்கள். நான் துண்டை உதறிக்கொண்டே பின்பக்கம் போய்விட்டேன். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

அந்த வண்டி உங்களுக்குத் தெரியும். வேடசந்தூர் மில்லில் நான் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில், தினமும் காலையில் என்னை அகரத்தில் இறக்கிவிட்ட மில் பஸ். பழசாகிப்போனதும் மில்லில் கழித்துவிட்டார்கள். அதை ஓட்டிய டிரைவர் அண்ணனே வாங்கி, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கினார். மதினி இறந்த பிறகு பாதி நாள் அதில்தான் குடியிருந்தார். ஓசூரில் இருக்கும் மகள், "வண்டிய வித்துட்டு இங்க வந்துருங்கப்பா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தது.

"போகவா, இருக்கவான்னு உங்க ரெண்டு பேரத்தான் கேக்கணும். ஒரு நாள் சும்மா சுத்திட்டு வருவோம், வாங்கப்பா" என்று அண்ணன் போன் பண்ணினார். ரெண்டு பேர் என்றால் நானும், என்னோடு அதே ஷிப்டில் வேலை பார்த்த கூட்டாளியும். "இங்கேயே இருங்கண்ணே" என்று சொல்வதாக நாங்கள் முன்னாடியே பேசி வைத்திருந்தோம்.

காலையில் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணன் முதுகுக்குப் பின்னாலிருந்து கதையடித்துக்கொண்டே போனோம். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தி, அண்ணன் கோழிக்குழம்பு வைத்தார்.

"தொட்டுக்க வெஞ்சனம் எங்கண்ணே? கேரவன்ல நடிகருக்கெல்லாம் ஆம்லெட்டு குடுப்பாகளாமே" என்றான் கூட்டாளி.

"ஏலே, நீ நடிச்ச நடிப்புக்கு ஊறுகாயே அதிகம்."

சோறு போடும்போது அண்ணன் பேச்சை எடுத்தார். "ஏப்பா, அந்த மக விஷயம்..."

"முதல்ல சாப்பிடுவோம்ணே. நாள் பூரா கெடக்குல்ல" என்றேன். நான்தான் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன், "இன்னும் செத்த தூரம் போனா ஒரு கண்மாய் இருக்கு. கரையில உக்காந்து பேசுவோம்" என்றார். வண்டியில் ரெண்டே ரெண்டு சீட்டை மட்டும் அவர் கழற்றவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் உட்காரும் சீட்டு. "அதுல உக்காருங்கப்பா. உங்களுக்காகத்தான் விட்டு வச்சேன்."

ஆசையாக உட்கார்ந்தோம். வண்டி உறுமிக் கிளம்பியது. ஜன்னல் கம்பி பழைய இடத்திலேயே தலையைத் தாங்கியது. அத்தனை வருஷமும் நான் அந்த சீட்டில் உட்கார்ந்தது தூங்குவதற்குத்தான். உடம்பு அதை மறக்கவில்லை.

"அகரம் வந்திருச்சு. எறங்குங்கப்பா."

ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்கும் அதே குரல். பதறி எழுந்து மடியில் டிபன் டப்பாவைத் தேடினேன். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கூட்டாளி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே எழுப்பல?"

"அந்த சீட்டுல தூங்குறவன ஸ்டாப்பு வராம எழுப்பி எனக்குப் பழக்கமில்லப்பா."

"கண்மாய்க்குப் போனமா?"

"போனோமே. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிருந்தேன். நல்ல காத்து."

கூட்டாளிதான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "என்னமோ கேக்கணும்னீங்களேண்ணே?"

"அங்க உக்காந்து நானே முடிவு பண்ணிட்டேன்பா. மக கூப்பிடுது, போறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால், கூப்பிட்ட மனுஷனைத் தனியாக உட்காரவைத்துவிட்டுத் தூங்கி எழுந்தவன், எந்த வாயால் "போகாதீங்க" என்று சொல்வான்? "சரிண்ணே" என்று இறங்கிவிட்டோம். வண்டியை யாரோ டிபன் கடை வைக்க வாங்கிப்போனார்கள். அண்ணன் ஓசூர் போய்விட்டார். போனில் பேசினால், "இங்க குளுருப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அவர் போன மறுவாரம் ஒரு மத்தியானம், அகரத்தில் வேடசந்தூர் பஸ் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ்ஸில் பாதி சீட்டு காலி. "உள்ள போயி உக்காருங்கண்ணே" என்றார் கண்டக்டர். "இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேடசந்தூர் வரைக்கும் ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே போனேன்.