காலில் போட்ட பேனாக் கோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைவிடப் பெரிய முட்டாள் கிடையாது. கவ்வாத்துக் கத்தியால் செடியோடு என் காலையும் வெட்டிக்கொண்டேன். புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியை அடுத்த புண்ணுக்கென்று பத்திரப்படுத்தினேன். கால் மறுபடி வீங்கியது.

புண்ணுக்கு மருந்து கட்டும் கிளினிக் டிரெஸர் ஒல்லியான மனிதர்; குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். சிவப்பு ஏறிய இடம்வரை பேனாவால் கோடு போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அன்று கோடு முழங்காலுக்கு வந்துவிட்டது.

"பழைய மருந்து இந்தக் கிருமிகிட்ட எடுபடாதுன்னு லேப்ல சொல்லிட்டாங்க, புது மருந்துதான் தரணும். ஆனா மருந்துக்குத் தப்பிச்சதுல அதுக்கும் தெம்பு கொறஞ்சிருக்கும், மெதுவாத்தான் வளரும்."

எனக்குக் குஷி வந்துவிட்டது. "நொண்டிக் கிருமிதானே அண்ணே? அப்ப புது மருந்தையும் பாதியில நிறுத்திக்கலாம்லா?"

அவர் பேனாவை மூடினார்.

"நிறுத்திப் பாரு, அது ஓடப் பழகிக்கும், நீதான் நொண்டுவே."