இருமாத பிள்ளை

நெஞ்செரிவை மாரடைப்பென்று நம்பி ஸ்காபரோ கிளினிக்குக்கு ஓடியவன் நான். பக்கத்துக் கதிரையில், மகளை மடியில் வைத்திருந்த கொலம்பியத் தாய் ஒருத்தி சால்வைக்குள் முகம் புதைத்து இருமிக்கொண்டிருந்தாள். வரவேற்பிலோ, "பிள்ளைக்கு இருமல்" என்றாள். பிள்ளை ஒருதரமும் இருமவில்லை; ஆனால் அது இந்த நாட்டில் பிறந்தது. இலவச வைத்தியத்துக்கான ஹெல்த் காட் அதற்கு மட்டும்தான்.

"காட் இல்லாமலும் பார்க்கிற இடம் இருக்கு," என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"விலாசம் கேட்பினமோ?"

"ஓம்."

"எனக்குப் பேப்பர் இல்லை. பிடிச்சு ஊருக்கு அனுப்பிப்போடுவினம்," என்று மகளின் முதுகைத் தடவினாள்.

டொக்டர் எனக்கு ஒன்றுமில்லை என்றார். வரவேற்பிலிருந்த தமிழ்ப்பெண், "கொத்துரொட்டியைக் குறையுங்கோ அண்ணை," என்று சிரித்தாள்.

பிறகு அந்தத் தாயும் வெளியே வந்தாள்.

"பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம்."

இருமிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.

நான் கொத்துரொட்டியை விடவில்லை. கடையில் அது கொத்துப்படுகிற சத்தத்துக்குள் இப்போதும் அந்த இருமல்தான் கேட்கிறது.