ஜப்பான்காரன் வண்டியில் அம்மா ஏறிய நாள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாள் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அம்மாவைச் சிரித்த முகமாகத் தெரியாது. கோவிலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் சொல்வார். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். அவ்வளவுதான். "உங்கம்மா ஆளு கொஞ்சம் கறாருதான்லா" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர் ஏன் அப்படி ஆனார் என்று அவர் இருக்கும்போது எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் என்னிடமே கோபப்படலாம்.

அம்மா மலாக்காவில் லூபோக் சீனாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று பார்த்ததோடு அவர் படிப்பு முடிந்தது. பால் வடிய ரப்பர் மரத்தைக் கீறும் பால்மரம் வெட்டு வேலையைப் பழகினார். பிறகு அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா ஆகிய மூவரும் இருந்தார்கள். சண்டை சச்சரவில்லாத குடும்பம் என்று தோட்டத்தில் பெயர்.

ஜப்பான்காரன் ஆட்சியில் அப்பாவையும் சித்தப்பாவையும் இன்று தாய்லாந்து எனப்படும் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அப்போது அம்மாவின் வயிற்றில். சண்டை முடிந்த பிறகு சித்தப்பா மட்டும் திரும்பினார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதையே இல்லாமல், புண் ஆறிய தழும்போடு நொண்டிக்கொண்டு வந்தார். வாசலில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். சித்தப்பா சொன்னார்: "அண்ணனுக்குக் காய்ச்சல், அண்ணி. அங்கனக்குள்ளயே ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. பின்னாடி வர்ற ரயில்ல வந்துருவாரு."

அம்மா அதை நம்பினார். நம்பினார் என்றால் சும்மா வாயளவில் இல்லை. பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. தோட்டத்துப் பெண்கள் சாடையாகப் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி மற்றவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். அம்மா படையல் போடமாட்டார். அப்பாவுக்கென்று ஒரு புது வேட்டி எடுத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, பெட்டியில் வைப்பார். உயிரோடு இருக்கிறவருக்கு எதற்குப் படையல் என்பது அவர் கணக்கு.

காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். வேலிக்கு வெளியே மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடுமாம். ரோட்டில் பஸ்ஸை மறித்துக் கொளுத்தினார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். அம்மா அத்தனையையும் பசியோடு தாண்டினார். தன் பங்கில் பாதியை எனக்குப் போட்டுவிட்டுக் கஞ்சித் தண்ணியைக் குடித்துக்கொண்டு தோட்டத்து மலைக்காட்டுக்கு மரம் வெட்டப் போவார்.

சித்தப்பா மரம் வெட்ட முடியாத காலோடு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். புலாவ் செபாங் ரயில் நிலையத்து வாசலில் டாக்சி ஓட்டினார். முதலில் அவர் வைத்திருந்தது ஒரு பழைய இங்கிலீஷ் கார். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். மேட்டில் ஏறும்போது ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லும். அதன் கிளச்சை மிதித்து மிதித்து அவருடைய இடது கால் இரவெல்லாம் வீங்கிக்கிடக்கும். அம்மாதான் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பார்.

அவசரகாலத்தின் கடைசி வருடங்களில் ஜப்பான் கார்கள் மலாயாவுக்குள் வரத் தொடங்கின. கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நானே பிற்பாடு அதே கம்பெனிக் காரை மூன்று முறை வாங்கியவன், விளம்பரம் செய்ததாகப் போய்விடும். அன்று அதை மதித்தவர் யாருமில்லை. "சார்டின் டின்ன நசுக்கிச் செஞ்ச காடி" என்று கேலி பேசினார்கள். கதவைச் சாத்தினால் டப்பா மூடுகிற சத்தம் கேட்கும். சீட்டு கட்டாந்தரை மாதிரி இருக்கும். ஆனால் விலை குறைவு, பெட்ரோல் அதிகம் குடிக்காது, காலையில் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளச் மிக லேசு. சித்தப்பா மலாக்காவுக்குப் போய் அதில் ஒருமுறை உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். கால் நோகவில்லை. கடன் வாங்கி எடுத்துவிட்டார்.

ஸ்டாண்டில் அந்தக் காருக்கு 'ஜப்பான்காரன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஜப்பான்காரன் வந்துட்டான்!" என்று யாராவது வேடிக்கைக்குக் கத்தினால் பசாரில் நிற்கும் வயதான தோட்டத்துப் பெண்கள் நிஜமாகவே ஒதுங்கி ஓடுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

கார் வந்த முதல் சனிக்கிழமை, பசாரில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த அம்மாவை வீட்டுக்கு ஏற்றிப்போக சித்தப்பா வந்தார். நானும் முன்சீட்டில் இருந்தேன். அம்மா காரைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"யாரு காடி இது?"

"நம்ம காடிதான் அண்ணி. ஜப்பான்ல செஞ்சது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஒன் காலத் தின்னவன் காடியா? ஒங்கண்ணன லாரியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனவன் காடியா? இதுல என்னைய ஏறச் சொல்றியா?"

"அவன்கிட்ட நான் மாடா ஒழைச்சேன் அண்ணி. இப்ப அவன் காடி எனக்கு ஒழைக்கட்டுமே" என்றார் சித்தப்பா. அது அவர் பல நாள் யோசித்து வைத்திருந்த பதிலாக இருக்க வேண்டும்.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் காப்பிக்கடையே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "எம் புருஷன் சயாம்லதான் இருக்காரு. இன்னைக்கில்லாட்டி நாளைக்கு வருவாரு. வந்து இந்தக் காடிய ரோட்டுல பார்த்தாருன்னா கொளுத்திப்புடுவாரு, பாத்துக்க!"

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்.

இதில் என்ன தப்பு என்று இளையவர்களுக்குப் புரியாது. எங்கள் தோட்டத்தில் சயாம் என்றால் ரயில் பாதை, சாவு. ஆனால் அந்த வருடங்களில் போலீசுக்குச் சயாம் என்றால் வேறு. காட்டில் தோற்ற கம்யூனிஸ்ட்டுகள் எல்லையைத் தாண்டிப் போய் ஒளிந்துகொண்ட இடம் சயாம். புருஷன் சயாமில் இருக்கிறான், திரும்பி வருவான், வந்து காரைக் கொளுத்துவான் என்று ஒரு பெண்பிள்ளை நடுப் பசாரில் நின்று சொல்லியிருக்கிறாள். காப்பிக்கடையில் கேட்டுக்கொண்டிருந்த எவனோ போய்ச் சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் போலீஸ் ஜீப் லயத்துக்குள் வந்தது. வீட்டைச் சோதித்தார்கள். அம்மாவின் பெட்டியைத் திறந்தால் அடுக்கடுக்காகப் புது வேட்டிகள். புருஷன் இல்லாதவள் பெட்டியில் இத்தனை வேட்டி யாருக்கு என்று கேட்டார்கள்.

"அவருக்குத்தான்" என்றார் அம்மா.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

காட்டுக்கு உதவி செய்தவர்களை விசாரணையில்லாமல் அடைத்துவைத்த காலம் அது. ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டதும் உண்டு. அம்மா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அப்பா இல்லை. அம்மாவையும் அனுப்பிவிட்டால் என் கதி என்ன? தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாரிடம் ஓடினோம். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர், கணக்கில் கண்டிப்பானவர். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு ஜப்பான்காரனில் ஏறினார். போகும் வழியில் ஒன்றுதான் கேட்டார். "தம்பி, எனக்கு உண்மை சொல்லும். உம்மட அண்ணன் இருக்கிறாரோ, இல்லையோ?" சித்தப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தார்.

போலீஸ் நிலையத்தில் அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அழவில்லை. இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டதைக் கிராணியார் தமிழில் சொன்னார்.

"எங்கை உம்மட அண்ணன் எண்டு கேக்கிறார். நீர் சொல்லுறதை எழுதப் போறார். யோசிச்சுச் சொல்லும்."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'பின்னாடி வர்ற ரயில்ல வருவாரு' என்று இன்னொருமுறை சொல்லப் போகிறார் என்கிற நம்பிக்கை அந்தக் கண்ணில் இருந்தது. நான் பார்த்தேன்.

"செத்துட்டாருங்க" என்றார் சித்தப்பா.

அவர் நிறுத்தாமல் சொல்லத் தொடங்கினார். "காலராங்க. மழை ஊத்துது. ராத்திரி தண்ணி கேட்டாரு, விடிஞ்சப்ப இல்ல. எங்க கேம்புல அன்னைக்கு நெறையப் பேரு. எல்லாருக்கும் ஒரே குழி. நானும்தான் வெட்டுனேன். எங்கண்ணன நாந்தாங்க தூக்கிப் போட்டேன்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் மறைச்சனீர்?" இதை இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. கிராணியாரே கேட்டார்.

"வந்தன்னைக்கு அண்ணி பொட்டோட நின்னாங்கய்யா. இடுப்புல கைப்புள்ள. சொல்ல வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொல்லவே முடியாமப் போச்சு."

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். இந்தப் பெண்ணுக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மாவை விட்டுவிட்டார்கள்.

வெளியே நல்ல வெயில். நிலையத்து ஓரமாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அம்மா அங்கே போய் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார். "அண்ணி, இப்ப பஸ் வந்துரும். பையன் கூட வருவான். பஸ்லயே போயிருங்க."

"எதுக்கு?" என்றார் அம்மா. "இனிமே யாரு வந்து பாக்கப் போறா? காடிய எடு."

கார் கதவை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் திறந்துவிட்டேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தோட்டம் வந்து சேரும்வரை அழுதார். அப்படியொரு அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சித்தப்பா கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. வீடு வந்ததும் அம்மா இறங்கி, பெட்டியிலிருந்த வேட்டிகளை எடுத்து மூட்டையாகக் கட்டினார். அப்பா எந்த நாளில் இறந்தார் என்று சித்தப்பாவுக்கே தெரியாததால் திதி வைக்க முடியவில்லை. ஆடி அமாவாசைக்குக் கோவில் வாசலில் இருந்த கிழவர்களுக்கு வேட்டிகளைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா எங்கள் வீட்டுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏறினார். அந்த முதல் காரின் அடித்தகடு இரண்டு மூன்று மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ஆனால் எஞ்சின் கடைசிவரை வழியில் நின்றதில்லை. கேலி பேசியவர்களே பிறகு வரிசையில் நின்று அதே கம்பெனிக் காரை வாங்கினார்கள். வாத்தியார் வாங்கினார், கங்காணி மகன் வாங்கினான், கடைசியில் நானும் வாங்கினேன். அம்மாவைப் பின்சீட்டில் வைத்துச் செர்காம் கடலோரத்துக்கு மீன் வாங்கக் கூட்டிப்போவேன். புதுக் கார் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஓடுதுல்ல" என்பார். மலேசியாவில் எத்தனையோ பேர் அந்தக் காரைப் பற்றி எத்தனையோ புகழ்ந்திருக்கிறார்கள். அம்மா சொன்னது இந்த ஒரு சொல்தான்.

அம்மாவைக் கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்ட மலாக்கா மருத்துவமனைத் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் சமைத்தும் சுமந்தும் உதவிய தோட்டத்து உறவுகளுக்கும், கோவில் நிர்வாகத்தாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அன்று கையெழுத்துப் போட்டு அம்மாவை மீட்டுத் தந்த பெரிய கிராணியார் இன்று இல்லை. அவர் பிள்ளைகள் இந்த மலரைப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

இன்னொருவர் பாக்கி இருக்கிறார். அம்மா இறப்பதற்குச் சில நாள் முன்பு, கைத்தடி ஊன்றிக்கொண்டு சித்தப்பா பார்க்க வந்தார். கட்டிலருகே உட்கார்ந்தார். அம்மா கண்ணைத் திறந்து அவரை அடையாளம் கண்டுகொண்டு சொன்னார்:

"அன்னைக்கு அந்த ஸ்டேஷன்லயும் நீ பொய்யே சொல்லியிருக்கலாம், தம்பி. என்னைய உள்ள போட்டிருந்தா போட்டிருக்கட்டும். பொட்டோட இருந்திருப்பேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும் அங்கேதான் நின்றேன். அம்மா என்னை நினைக்காமல் சொன்ன சொல் அது. என் மனம் வலித்தது, இன்றும் வலிக்கிறது. அம்மா உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, சித்தப்பா. நான் சொல்கிறேன். நீங்கள் அன்று உண்மையைச் சொன்னதால்தான் எனக்கு அம்மா இருந்தார்.