மாப்பு கேட்க வந்த தம்பி

வத்தேகமச் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கும் மஸாஹிமா, புடவைக்கடை சேகு லெப்பையின் மூத்த மகள். ஐந்து நேரத் தொழுகையில் ஒன்றும் தவறவிடமாட்டாள். தொழுது முடித்துத் தஸ்பீஹ் மணியை உருட்டி அல்லாஹ்வைத் துதிக்கும்போது மட்டும் முப்பத்திமூன்று ஒழுங்காக வந்து சேராது. பாதியில் தம்பி றியாழின் முகம் வந்து நிற்கும், எண்ணிக்கை தப்பிப்போகும், மறுபடி முதல் மணி. பன்னிரண்டு வருடமாக இதே பாடுதான்.

அவளுடைய மகள் பஸ்லினாவைப் பார்த்துப்போன மாப்பிள்ளை வீட்டாரிடம், பிள்ளைக்கு வலிப்பு என்று இல்லாததைச் சொன்னவன் றியாழ். மூன்றாம் மாதம் அதே மாப்பிள்ளையைத் தன் மகளுக்கு எடுத்துக்கொண்டான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லி மாப்பு கேட்பது வழக்கம். அவனும் வந்தான். அவள் தொழுத பாயை விட்டு எழும்பவில்லை.

“ராத்தா, பயணம் போறேன். மாப்பு செய்ங்க.”

“எதுக்கு?”

“தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கு.”

“தெரியாம செஞ்சதுக்கு மாப்பு. தெரிஞ்சு செஞ்சத உன்ட மருமகன்ட மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வா.”

“அப்ப என்ட மகள்ட வாழ்க்கை?”

“பஸ்லினாவும் ஒரு மகள்தான்.”

தேத்தண்ணி வேணுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. றியாழ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

மஸாஹிமா மணியைக் கையில் எடுத்தாள். பாதியில் அந்த முகம் வந்தது, குனிந்த முகமாக. விரல் நிற்கவில்லை. அன்றுதான் முப்பத்திமூன்றும் வந்து சேர்ந்தது.