இங்கே தெளிவு, ஏரிக்கரையில் கட்டம்

கேபிள் தொழிலில், படம் தெளிவாகத் தெரிகிற வரை நம்மை யாருக்கும் தெரியாது. லேசர் பெட்டியோடு மாரடித்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள்.

எங்கே கோளாறு?

ஆரம்பாக்கத்தில் எங்கள் கன்ட்ரோல் ரூம். அங்கே லேசர் பெட்டி எல்லாச் சேனல்களையும் ஒளியாக்கி, ஃபைபர் வழியே ஏரிக்கரைக் குப்பத்துக்கு அனுப்பும். போன மாதம் குப்பத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கன்ட்ரோல் ரூம் டிவியிலோ பளிச்சென்று இருந்தது. போனில் அப்படியே சொன்னேன். மீன் பிடிக்கும் ஏழுமலை அண்ணன் கேட்டார்: "அப்போ படம் பாக்க நாங்க தெனம் பஸ் ஏறி ஆரம்பாக்கம் வரணும்ன்றியா?"

துடைத்தேன்

கனெக்டரில் அழுக்கு இருந்தால் ஒளி திரும்பி வந்து லேசரையே குழப்பும். உப்புக் காற்றின் வேலைதான் என்று எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கட்டம் போகவில்லை. லேசர் சூடாகிறதோ என்று ஏசியைக் கூட்டினேன். நடுங்கியது நான்தான். முதலாளி எட்டிப் பார்த்தார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. குப்பம் டிஷ்ஷுக்குப் போச்சுன்னா நீயும் கூடவே போயிடு."

கூட்டினேன்

சிக்னல் போதவில்லையோ என்று லேசருக்குள் போகும் அளவைக் கூட்டினேன். நாலு சேனலில் இருந்த கட்டம் நாற்பதுக்குப் பரவியது. பயத்தில் இன்னும் கூட்டினேன். குப்பத்துக்கு ஓடினால், ஏழுமலை அண்ணன் புது டிஷ்ஷோடு நிற்கிறார். அவர் மனைவி செல்வி அக்கா சொன்னார்: "நீ கை வைக்காத வரைக்கும் கொஞ்சமாச்சும் தெரிஞ்சிது நைனா."

குறைத்தேன்

சனிக்கிழமை, வேலை போனது என்றே முடிவு செய்து படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டேன். பாதிப் படகுகள் கரையில் கிடந்தன. ஏன் போகவில்லை என்று ஏழுமலை அண்ணனைக் கேட்டேன். "இன்னிக்கி எங்க பாடு இல்ல" என்றார். முறை வைத்து வலை போடுவதைத்தான் அங்கே பாடு என்பார்கள். "எல்லாரும் ஒண்ணா எறங்குனா வலை மேல வலை வுழுந்து யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம்தான் நிறையத் தெலுங்குச் சேனல்களைச் சேர்த்திருந்தேன். பழையவற்றின் அளவை இம்மிகூடக் குறைக்கவில்லை. எல்லாம் சேர்ந்து, லேசர் தாங்கும் எல்லையைத் தாண்டி ஒன்றையொன்று கெடுத்திருக்கின்றன. கன்ட்ரோல் ரூம் டிவிக்கு லேசருக்கு முன்பே சிக்னல் பிரிவதால் அங்கே பளிச். ஓடிப்போய் ஒவ்வொரு சேனலின் அளவையும் குறைத்தேன். ஞாயிறு காலை குப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார்: "வாங்குன டிஷ் வீணாப் போவல தம்பி, மல்லாத்திப் போட்டு செல்வி எறா காயவச்சிருக்கா, நீயும் ஒரு பை எடுத்துக்கினு போ."

அள்ளிக் கொடுத்ததற்குத் திட்டும் குறைத்துக் கொடுத்ததற்கு இறாலும் வாங்கி வேலையையும் காப்பாற்றிக்கொண்ட ஆள் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.