ஐந்தில் ஒரு பங்கு கழித்து

எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, ஒரு ஜெர்மன் கார். எங்கள் கார் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா வேலை பார்த்த கம்பெனியின் பெரிய முதலாளி, எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே, வரியெல்லாம் கட்டிக் கப்பலில் வரவழைத்த கார் அது. விலை ஏழு லட்சம். டல்ஹௌசியில் இருந்த அந்த ஆபீசில் அப்பாவுக்குச் சொத்துப் பதிவேடு எழுதுகிற வேலை. மேஜை, மின்விசிறி, டைப்ரைட்டர், கார் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மார்ச் மாதமும் தேய்மானம் கழிப்பார். காருக்கு வருஷம் ஐந்தில் ஒரு பங்கு.

டாலிகஞ்சில், வங்காளிகளுக்கு நடுவில், எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னை எதிரில் உட்காரவைத்துக் கழிக்கச் சொல்வார். ஏழு லட்சம். ஒரு வருஷம் போனால் ஐந்து லட்சத்து அறுபதாயிரம். இன்னொரு வருஷம் போனால் நாலு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். முதல் வருஷமே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் காணாமல் போயிருந்தது. யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் எடுக்கவில்லை, தேய்ந்துவிட்டது என்றார். அப்படியானால் எந்த வருஷம் பூஜ்யம் வரும் என்று கேட்டேன். மிச்சம் இருப்பதில்தானே ஐந்தில் ஒரு பங்கு கழிக்கிறோம், அதனால் பூஜ்யம் வரவே வராது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றார்.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா, அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து அவரை வரவழைத்துக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அப்பாதான். இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அப்பாவோடு ஒரே டிராமில் ஆபீசுக்குப் போய்வந்தார். பிறகு விற்பனைப் பிரிவுக்கு மாறினார், டை கட்டினார், அதிகாரி ஆனார், கரியாஹாட்டில் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்குக் குடிபோனார். அப்பா அதே பதிவேடு, அதே டிராம். இதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் அம்மாதான்.

மாமாவின் மகள் என் வகுப்பு. எனக்கு அவளைப் பார்த்தால் வயிறு எரியும். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அவள் ஷூ, அவள் தண்ணீர் பாட்டில், அவள் வீட்டு லிஃப்ட், லிஃப்டில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்து முடியை ஒதுக்கிக்கொள்கிற அந்த ஒயில், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் எரியும். அவள் நல்லவள் வேறு. கேட்டால் எதையும் கொடுத்துவிடுவாள். அதற்கும் சேர்த்து எரியும்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது முதலாளி புதுக் கார் வாங்கினார். பழைய காரை ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கே விற்பதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வேண்டியவர் தொகையை எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். யார் தொகை அதிகமோ அவருக்குக் கார். பதிவேட்டு விலைக்குக் குறைந்தால் மட்டும் செல்லாது. அப்போது கார் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏழு லட்சம் தேய்ந்து தேய்ந்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. அந்தக் கணக்கு அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபீசில் மற்றவர்களுக்குத் தெரியாது.

மாமா அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அத்தான், புக்குல என்ன வெல நிக்குது?" என்று கேட்டார். அதெல்லாம் ஆபீஸ் ரகசியம் மாப்ளே, சொல்லக்கூடாது என்று அப்பா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். மாமாவும் மேலே கேட்கவில்லை. அப்பா நேர்மையானவர் என்று ஆபீசில் பெயர்.

மாமா படி இறங்கியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "என் தம்பி கேக்கான்னா நீங்களும் கேளுங்க. உங்களுக்கு என்ன கொறச்சல்?" மூன்று நாள் இதே பாட்டு. நாலாம் நாள், அப்பா சரி என்று சொல்வதற்குள்ளேயே, அம்மா கரியாஹாட்டுக்குப் போய் நாங்களும் கவர் போடுகிறோம் என்று தம்பி வீட்டில் அறிவித்துவிட்டு வந்தாள். அத்தையின் முகம் சுண்டிப்போனதாம். அதைச் சொல்லிச் சொல்லி அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அவர் கையெழுத்து ஆபீசில் எல்லோருக்கும் தெரியுமாம், அதனால் நான்தான் எழுத வேண்டுமாம். எழுபத்தைந்தாயிரம் ரூபாய் மட்டும் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொன்னார். "நாப்பத்தெட்டுதானப்பா கணக்கு?" என்றேன். கேட்டால் கிடைக்க வேண்டாமா என்றார். எனக்காக அப்பா எவ்வளவு பெரிய மனசு பண்ணுகிறார் என்று நெஞ்சு விம்மியது. கவருக்குப் பசை தடவியதும் நான்தான்.

"இத யார்ட்டயும் சொல்லப்புடாது. உன் மாமா மவகிட்ட மூச்சு விடப்புடாது, என்ன?" என்றார் அப்பா. சாப்பிடும்போது மறுபடி சொன்னார். மறுநாள் காலை நான் ஷூ மாட்டும்போது, டிராமுக்கு நேரமாகியும் நின்று, மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொல்லியிருக்கவே மாட்டேன். சாமி சத்தியமாக. ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் காரைப் பற்றி ஆரம்பித்தாள். முதலாளி வீட்டு விசேஷத்துக்குப் போனபோது உள்ளே ஏறிப் பார்த்திருக்கிறாளாம். பின் சீட்டு மெத்து மெத்தென்று இருக்குமாம். நடுவில் கை வைத்துக்கொள்ள ஒரு திண்டு மடித்து இறக்கலாமாம். "அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். நீ வந்தேன்னா முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கோ, என்னட்டி?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த டிரைவர் பக்கத்துச் சீட்டு இருக்கிறதே, அது என்னை உச்சந்தலைவரை ஏற்றிவிட்டது.

"பெரிய இவ! எங்கப்பா எழுவத்தஞ்சாயிரம் எழுதியாச்சு. கார் எங்களுக்குத்தான். நீ வேணா முன்னாடி உக்காரு."

"ஈஷ்!" என்று வங்காளிப் பெண்களைப் போலவே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பொத்திய பிறகுதான் நான் வாயைப் பொத்த வேண்டியிருந்தது என் நினைவுக்கு வந்தது.

கவர் பிரித்த அன்று அப்பா வயிற்றுவலி என்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தார். சாயங்காலம் செய்தி வந்தது. மாமாவுக்குத்தான் கார். எழுபத்தாறாயிரத்து ஒரு ரூபாய். அம்மா தம்பி வீட்டுத் திசையைப் பார்த்துக் கரித்துக் கொட்டினாள். அத்தையின் வளையல் இரண்டு அடகுக்குப் போனதாகக் கேள்விப்பட்டு ஓரளவு அடங்கினாள். அப்பா வயிற்றுவலிக்காரர் மாதிரி இல்லாமல் ரசம் சாதம் நன்றாகச் சாப்பிட்டார். நான் போர்வைக்குள் அழுதேன். அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று பாதி அழுகை. அவள் அந்தத் திண்டில் கை வைக்கப்போகிறாளே என்று மீதி.

வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா காளிகட்டில் பூஜை போட்டுவிட்டு, செம்பருத்தி மாலை தொங்க, நேரே எங்கள் தெருவுக்குக் காரைக் கொண்டுவந்தார். சந்துக்குள் அது நுழையவில்லை. முனையில், தெருப் பையன்களின் கிளப் வாசலில் நின்றது. கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தைப் போட்டுவிட்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "தாருண் காடி, தாதா!" என்றார்கள், பிரமாதமான வண்டி அண்ணா என்று. அப்படியே, கார் வைத்திருப்பவர்களுக்குத் தெருப் பூஜைத் திருவிழாச் சந்தா ஐந்நூற்றொன்று என்று மாமாவிடம் ரசீதுப் புத்தகத்தையும் நீட்டினார்கள். அப்பா வழக்கமாகக் கொடுப்பது ஐம்பத்தொன்று. மாமா முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. மாமா தன் மனைவியையும் மகளையும் இறங்கச் சொன்னார். அக்காவும் அத்தானும்தான் முதலில் ஏற வேண்டும் என்றார். அப்பா வேலை இருக்கிறது என்றார், தலைவலி என்றார், சட்டை மாற்றவில்லை என்றார். மாமா கையைப் பிடித்து விடாமல் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்தார். திண்டை அவரே மடித்து இறக்கி, அப்பாவின் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். திண்டுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மாவும் அவளை ஒட்டி நானும். மாமா டிரைவருக்குப் பக்கத்தில். மாமா மகள் எங்கள் வீட்டுச் சந்து முனையில் அவள் அம்மாவோடு நின்று கையசைத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுத அழுகையெல்லாம் மறந்துபோனது.

ரயில்பாலம் தாண்டியதும் மாமா திரும்பி, "வசதியா இருக்கா அத்தான்?" என்று கேட்டார். "இருக்கு மாப்ளே," என்றார் அப்பா. ராஷ்பிஹாரி முனையில் டிராமுக்குப் பின்னால் நின்றபோது மறுபடி கேட்டார். இவனுக்குப் பீற்றல் அதிகமாகிவிட்டது என்று அம்மா என் காதில் நொடித்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கரியாஹாட் முனையில் கார் படுத்துவிட்டது. பூஜைத் திருவிழாவுக்குத் துணி வாங்க ஊரே திரண்டிருந்த பகல் அது. டிரைவர் சாவியைத் திருகத் திருக, கார் இருமிவிட்டு அடங்கியது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நடைபாதையில் புடவை விற்பவர்களும் பை விற்பவர்களும் தள்ள வந்தார்கள். நானும் அம்மாவும் இறங்கினோம். அப்பா கதவைத் திறந்தார். மாமா வெளியிலிருந்து அதைச் சாத்தினார். "நீங்க எறங்கப்புடாது அத்தான். உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் பின்னால் போய்த் தள்ளினார். பட்டப்பகலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பின் சீட்டில் தனியாக அப்பா மட்டும் உட்கார்ந்திருக்க, அந்தக் கார் மெல்ல மெல்ல நகர்ந்து போனது. நான் கூடவே நடந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவின் இரண்டு காதும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன. உள்ளே புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கார் மாமாவைப் படுத்தாத பாடில்லை. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால்கூடப் பம்பாய்க்கு எழுதி வரவழைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை அது நின்றதாகக் கேள்விப்படும்போதும் எனக்கு உள்ளே ஒரு குளுமை, அதன் பின்னாலேயே ஒரு குத்தல். சொன்னவள் நானல்லவா.

பதினோரு வருஷம் கழித்து, கம்பெனியையே மூடி, அப்பாவும் வீட்டோடு வந்த பிறகு, மாமா அந்தக் காரைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தார். சங்கிலி கட்டி இழுத்துப் போகிற அன்று நான் கரியாஹாட்டில் இருந்தேன். மாமா பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "மாமா, அன்னைக்கு அப்பா எழுதுன தொகைய உங்க மவகிட்ட உளறுனது நான்தான். அதாலதான் நீங்க அவ்வளவு குடுக்க வேண்டியதாப் போச்சு," என்றேன்.

மாமா சிரித்தார். "தெரியும் மருமவளே. கவர் பிரிக்கும்போது நான் அங்கதான நின்னேன். ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. என்னோடது."

பசை தடவிய கவரும், மூன்று தடவை சொன்ன எச்சரிக்கையும், வயிற்றுவலி லீவும் வரிசையாக வந்து நின்றன. யாரிடம் சொன்னால் மாலைக்குள் மாமா காதுக்குப் போகும் என்று அப்பாவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. "தெரிஞ்சுமா அப்பாவ முதல்ல கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

"எழுவத்தாறாயிரம் குடுத்து வாங்கியிருக்கேன். அத்தான ஒரு தடவையாவது உக்கார வைக்க வேண்டாமா?" என்றார் மாமா. பிறகு எனக்குக் காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேட்க நினைத்தது எதையும் கேட்கவில்லை. மாமா காரை விற்றுவிட்டார், பதினோராயிரம் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நாலாயிரத்து நூத்தி முப்பத்திரெண்டுதான் வரணும். நல்ல வெலதான்," என்றார் அப்பா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் உள்ளே போய்ப் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏழு லட்சம், இருபத்துமூன்று வருஷம். ஒரு ரூபாய் பிசகவில்லை. பதிவேட்டை விட்டு அந்தக் கார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. யாரும் கேட்காமல், எந்தப் புத்தகத்திலும் எழுதாமல், ஒவ்வொரு மார்ச் மாதமும் அவர் அதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். பதினோரு வயதில் நானோ, வயிற்றெரிச்சல் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் உள்ள வியாதி, அப்பாவுக்கு அதெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.